கூட யாரு வந்திருக்கா

கண்ணத் திறக்காதீங்கம்மா, மூடியே இருங்கனு இந்த நர்ஸ் பிள்ளை எத்தன தடவ சொல்லுதா, நான் என்ன ஆசைக்கா திறக்கேன், மூடினா இமைக்குள்ள மணல் கெடந்து அறுக்குது, திறந்தா ஜன்னல் வெளிச்சம் உள்ள பாஞ்சு மண்டை வரைக்கும் குத்துது, எந்தப் பக்கம் திரும்பினாலும் அடிதான். இப்ப விட்டுட்டுப் போன சொட்டு மருந்து வேற எரியுது. கண்ணுப் பாப்பா விரியணுமாம், விரிஞ்சாத்தான் பெரிய டாக்டர் உள்ள எட்டிப் பாப்பாராம். விரியட்டும். அதுவரைக்கும் நான் இந்த இரும்பு நாற்காலியில தலையச் சாய்ச்சு, கைப்பைய மடியில வச்சு, செபத்துக்கு உக்காந்தவ மாதிரி உக்காந்திருக்கணும். செபம் ஒண்ணும் வரல. வாரதெல்லாம் அந்தச் சின்ன டாக்டர் பிள்ளை கேட்ட கேள்விதான். வலது கண்ண விரிச்சு லைட்ட அடிச்சுப் பாத்தா, மூச்ச இழுத்துக்கிட்டா, பெறவு, "கூட யாரு வந்திருக்கா?"னு கேட்டா. கண்ணுல என்னனு சொல்லுததுக்கு முந்தி அதத்தான் கேட்டா. நானும் யோசிக்காம, "தங்கச்சி மக வந்திருக்கா, கீழ காப்பி குடிக்கப் போயிருக்கா"னுட்டேன். எனக்குத் தங்கச்சியே கெடையாது. கூடப் பொறந்தது ஒரே அண்ணன், அவனும் கல்லறையில போய்ப் படுத்து வருசக்கணக்காச்சு. வாயில வந்தத அப்படியே சொல்லிட்டேன், இந்த வயசுல, ஆஸ்பத்திரியில வச்சு. இதே கேள்விய நான் எத்தன பிள்ளைககிட்ட கேட்டிருப்பேன். வேலைக்குப் போற பொம்பளப் பிள்ளைக ஹாஸ்டல்ல வார்டனா இருந்தவ நான். பெட்டியத் தூக்கிட்டு வாசல்ல வந்து நிப்பாளுக, மொகத்த ஏறிட்டுப் பாக்கதுக்கு முந்தி, "கூட யாரு வந்திருக்கா?"ம்பேன். யாருமில்லனு எவளும் சொன்னதில்ல. சித்தப்பா பஸ் ஸ்டாண்டுல நிக்காரு, அண்ணன் வண்டி விடப் போயிருக்கானு ஏதாவது ஒண்ணு சொல்லுவாளுக. பொய்னு பாதி தெரியும், சரி உள்ள வானு விட்டுருவேன். இந்தப் பிள்ளையும் அப்படித்தான் என்னைய விட்டுட்டா.

பக்கத்து நாற்காலியில ஒரு பெரியவர் இருக்காரு. அவரும் மருந்து விட்டுக் கண்ண மூடிட்டுத்தான் இருக்காரு, ஆனா வாய் மூடல. "ஏளா, தண்ணி கொண்டாந்தியா?" "கொண்டாந்தேன், குடிங்க." "ஏளா, செருப்பு எங்க கெடக்கு?" "காலுலதான் கெடக்கு, உசிர வாங்காம இருங்க." பொஞ்சாதி இந்தப் பக்கம், மகன் அந்தப் பக்கம், மருமகளோ மகளோ ஒருத்தி பின்னால நின்னுக்கிட்டு போன்ல யாருக்கோ, அப்பாவுக்கு இன்னும் கூப்பிடலனு தகவல் சொல்லிட்டிருக்கா. ஒரு கண்ணுக்கு இத்தன பேரு. புளிச்சோறு கட்டிக் கொண்டாந்திருக்காவ, மூடியத் திறந்துட்டாவ போல, நல்லெண்ணெ வாசம் வருது. எனக்குக் காலைல ஒரு காப்பிதான். அந்தம்மா சும்மா இருப்பாளா, என் முழங்கையத் தொட்டு, "ஒங்க கூட யாரு வந்திருக்காக்கா?"னு ஆரம்பிச்சா. விட்டா நான் தப்பிச்சிருப்பேன், ஆனா சொன்ன பொய்யக் காப்பாத்தணுமே, "தங்கச்சி மக"னேன். பேரென்ன? "ஷெர்லி"னேன். எங்கிருந்து வந்துச்சோ அந்தப் பேரு. என்ன செய்யுதா? பேங்குல வேலை. கல்யாணம்? பாத்துட்டிருக்கோம். சொல்லச் சொல்ல எனக்கே அவளத் தெரிய ஆரம்பிச்சுட்டு. ஒல்லியா, கொஞ்சம் மாநிறமா, வெடுக்குனு பேசுவா, ஆனா லீவு போட்டுட்டு வந்து நிப்பா. கழுத்துல மெல்லிசா ஒரு சங்கிலி. கண்ண மூடிட்டு இருக்கதுல இது ஒரு தொந்தரவு, இல்லாததெல்லாம் நல்லாத் தெரியுது.

மெட்ராஸ் ஐ இல்லம்மானு அந்தச் சின்ன டாக்டர் சொல்லிட்டாளே. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. நான் மெட்ராஸ் ஐனு அடிச்சுச் சொன்னேனே. புரை ஆபரேஷன் முடிஞ்சு கறுப்புக் கண்ணாடியப் போட்டு வீட்டுக்கு அனுப்பினப்ப கண்ணு பளிச்சுனு இருந்துச்சு. எதுத்த வீட்டு மாடியில காயுத துணியில பூப் போட்டிருக்குனு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, இத்தன நாளா அழுக்குனுல்லா நெனச்சிருந்தேன். கீழ் வீட்டு மைமூன்தான் சொட்டு மருந்து விட வருவா. எனக்குக் கை நடுங்கும், நான் விட்டா கன்னத்துலதான் வடியும். அவ வந்து, என் தலைய அவ வயித்தோட சேத்து அமுக்கிப் பிடிச்சு, "மேல பாருங்கக்கா, மோட்டப் பாருங்க"ம்பா. சரியா நடுவுல விழும் ஒரு சொட்டு. அவ சேலையில ஏலக்கா வாசம் அடிக்கும். மருந்து விட்ட பெறவும் கொஞ்ச நேரம் தலைய விட மாட்டா, வெளிய வடிஞ்சிரும்பா. நானும் எடுக்கச் சொல்ல மாட்டேன். என் தலைய ஒரு ஆளு பிடிச்சுக்கிட்டு நின்னு எத்தன காலம் ஆச்சு. அப்பத்தான் அவ மக சுமையாவுக்குப் பள்ளிக்கூடத்துலருந்து மெட்ராஸ் ஐ வந்துச்சு. ரெண்டு கண்ணும் கோவப்பழம். அடுத்து எனக்கு ஆபரேஷன் பண்ணின வலது கண்ணு சிவந்துச்சு. வேற என்ன நெனப்பேன்? ஒட்டுவாரொட்டிதானே அது. ஹாஸ்டல்ல ஒருத்திக்கு வந்தா கடைசி ரூம்ல போட்டு, தட்ட வாசல்ல வச்சுட்டு, ஒரு பய எட்டிப் பாக்கக் கூடாதும்பேன். அந்தச் சட்டத்த எனக்கும் போட்டேன். கதவ அடைச்சேன். ஆபரேஷன் மருந்த நிப்பாட்டிட்டு, மெடிக்கல்ல மெட்ராஸ் ஐக்குனு கேட்டு ஒரு மருந்து வாங்கி, பாதி கன்னத்துலயும் மீதி கண்ணுலயுமா விட்டேன். ஆஸ்பத்திரியில மறுபடி வந்து காட்டச் சொன்ன நாளுக்கும் போகல. போனா அங்க இருக்க ஆபரேஷன் கண்ணுக்கெல்லாம் ஒட்ட வச்சிருவோமேனு. பெரிய நல்லது செய்யுதேன்னு நெனப்பு. கோட்டிக்காரி.

மைமூனுக்குப் போன் போட்டேன், அதத்தான் நெனைக்கக் கூடாதுனு இருக்கேன், சுத்திச் சுத்தி அங்கதான் வந்து நிக்குது. "ஒன் வீட்டுலருந்துதான் எனக்கு வந்திருக்கு. ஒன் பிள்ளைய எங்கயெல்லாம் தொட விட்டியோ. ஒருத்தரும் மேல வராதிய." அவ "சரிக்கா"னா. ஒத்தச் சொல்லு, அதுல கோவம் இருந்துச்சா அழுகை இருந்துச்சானு கண்டுபிடிக்க முடியல. ஏசினா பதிலுக்கு ஏசணும், அதுதான் மனுச லட்சணம், சரிக்கானுட்டு வச்சா நான் என்ன செய்ய? ஒரு தடவ சொன்னா அப்படியே விட்டுருவாளா? கதவத் தட்டுவா, நான் ரெண்டு சத்தம் போடுவேன், அவ உள்ள வந்துருவா, அப்படித்தான் நடக்கும்னு காத்திருந்தேன். தட்டல. ஜன்னலுக்குப் பெட்ஷீட்டக் கட்டிட்டு இருட்டுக்குள்ள கெடந்தேன். ரேடியோ ஒண்ணுதான் பேச்சுத் தொணை. காலைல எழுந்ததும் அதத் திருகிவிட்டா, தூங்குத வரைக்கும் அதுபாட்டுக்கு விவசாயமும் பாட்டும் சந்தை நெலவரமுமா பேசிட்டே இருக்கும், நான் அதுகூடச் சண்டை போடுவேன். காலைல ஒரு நேரத்துக்குப் படியில செருப்புச் சத்தம் கேக்கும். பாதி வரைக்கும் ஏறும். நிக்கும். நான் கட்டில்லருந்து எழுந்து உக்காருவேன். பெறவு எறங்கிப் போயிரும். துணி காயப்போட வந்திருப்பா, என் மூஞ்சில முழிக்க வேண்டாம்னு திரும்பிப் போறா, அவ்ளோ ரோசம்னு நெனச்சுக்கிட்டுப் படுத்துருவேன். வலி கூடிட்டே போச்சு. எதுத்த மாடித் துணியில பூ மறைஞ்சுது, பெறவு துணியே மறைஞ்சுது. நேத்து பல்பப் பாத்தா பல்பச் சுத்தி வண்ண வண்ணமா வளையம். மெட்ராஸ் ஐக்கு வளையம் தெரியாதே, ஹாஸ்டல்ல ஒருத்திகூட அப்படிச் சொன்னதில்லயேனு அப்பத்தான் சந்தேகம் தட்டுச்சு. இன்னைக்கு விடிஞ்சதும் ரேடியோவக்கூடப் போடாம எறங்கி வந்துட்டேன். அவ வீட்டு வாசலத் தாண்டும்போது செருப்பக் கழத்திக் கையில எடுத்துக்கிட்டேன். எதுக்கு? சத்தம் கேட்டு அவ வந்துருவாளோங்கிற பயமா, கேட்டும் வராம இருந்துருவாளோங்கிற பயமா, தெரியல.

சின்ன டாக்டர் பிள்ளை நல்லாத்தான் விளக்கினா, கொறை சொல்லக் கூடாது. புரைய எடுக்கும்போது பழைய லென்ஸுல ஒரு சின்னத் துண்டு உள்ளயே ஒதுங்கி நின்னுட்டாம். சில பேருக்கு அப்படி நிக்குமாம், நெறைய பேருக்குத் தானா கரைஞ்சிருமாம். அதுக்குத்தான் ஒழுங்கா மருந்து விடச் சொல்லி, வந்து காட்டச் சொல்லுததாம். எனக்குக் கரையல, கண்ணே வீங்கிப்போச்சு. உள்ள அழுத்தம் ஏறிட்டு. நான் கேட்டேன், "ஏம்மா, என் கண்ணுலயே இருந்த லென்ஸுதானே, அது எப்படி எனக்கே ஆகாமப் போகும்?" அதுக்கு அவ, "அது பொறந்ததுலருந்து ஒரு உறைக்குள்ளயே இருந்ததும்மா, உங்க உடம்புக்கு அதப் பழக்கமில்ல. உறைய விட்டு வெளிய வந்ததும், யாரோ வெளி ஆளுனு நெனச்சு உடம்பு சண்டைக்குப் போகுது"னா. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. என் கூடவே பொறந்து, அறுபத்தஞ்சு வருசமா என் கண்ணுக்குள்ளயே இருந்தது, அதப் பாத்து என் உடம்பு நீ யாருனு கேக்குதாம். நல்ல உடம்பு. வார்டன் உடம்புல்லா. பெறவு சிரிப்பு நின்னுட்டு. இந்தக் கண்ணு போயிட்டா? இடது கண்ணுலயும் புரை முத்திக் கெடக்கு, அதுல தெரியுதது பாதி நெழல்தான். ரெண்டும் போயிட்டா நான் எப்படி அடுப்பப் பத்த வைப்பேன், மாத்திரையில எது பிரஷருக்கு, எது சர்க்கரைக்கு, படி எங்க முடியுது? ஒரு ஆளு வேணுமே. யாரு? ஏசப்பா, யாரு? ஹாஸ்டல்ல இருந்து போன பிள்ளைக கிறிஸ்மஸுக்கு வாழ்த்து அனுப்பும், பூப் படமா அனுப்பும், அத வச்சு மாத்திரை எடுக்க முடியுமா? எனக்குப் பயமா இருக்கு. நல்லாவே பயமா இருக்கு. பக்கத்துல அந்தம்மா, "எங்க்கா ஒங்க பிள்ளையக் காணோம்? காப்பி குடிக்க இம்புட்டு நேரமா? பெரிய மனுசியத் தனியா விட்டுட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைக"னு நீட்டி முழக்குதா. எனக்குச் சுருக்குனு வந்துட்டு. "அப்படியெல்லாம் இல்ல, அவ தங்கமான பிள்ள, கேன்டீன்ல கூட்டமா இருக்கும்"னு வெடிச்சேன். இல்லாத பிள்ளைக்கு வக்காலத்து. இருமுத மாதிரி இருமிச் சமாளிச்சேன்.

"ரத்னபாய்!"னு கூப்பிட்டாவ. நர்ஸ் பிள்ளை கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா. பெரிய டாக்டர் கொரல்லருந்தே நடுத்தர வயசுனு தெரியுது, கை சில்லுனு இருந்துச்சு. தாடையக் கண்ணு பாக்குத மெஷின்ல வைக்கச் சொல்லி, மேல பாருங்க, கீழ பாருங்க, என் காதப் பாருங்கனாரு. வெளிச்சம் உள்ள போச்சு, பல்லக் கடிச்சுக்கிட்டேன். பெறவு லைட்ட அணைச்சுட்டுச் சொன்னாரு. "அம்மா, துண்டு தெளிவாத் தெரியுது. வெளிய எடுத்துருவோம். இன்னைக்கே எடுத்துட்டா பார்வை திரும்பி வாரதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. தள்ளிப் போட்டா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. கூட வந்தவங்களக் கூப்பிடுங்க, கையெழுத்துப் போடணும், நைட்டு இங்க பக்கத்துல இருக்கணும், நாளைக்கு உங்கள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்." நர்ஸ் பிள்ளை கதவத் திறந்து வெளிய கொரல் குடுத்தா, "ரத்னபாய் அம்மா கூட வந்தவங்க! ஷெர்லி! ஷெர்லி இருக்காங்களா?" பேரு எப்படித் தெரியும்? அந்தம்மா சொல்லியிருப்பா. அந்தம்மாவும் சேந்து, "ஏம்மா ஷெர்லி, ஒங்க பெரியம்மையக் கூப்பிடுதாவ"னு வராண்டா முழுக்கக் கேக்க சத்தம் போட்டா. இல்லாத பிள்ளைய ரெண்டு பேரு தேடுதாவ. நான் கைப்பையோட பிடிய முறுக்கிக்கிட்டு நின்னேன். இன்னொரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, அவளுக்கு அவசரமாப் போன் வந்துச்சு, போயிட்டா, நாளைக்கு வாரேன். நாளைக்கு. ஒண்ணும் சொல்ல முடியாதுனாரே. "தேடாதம்மா"னேன். "ஷெர்லினு யாருமில்ல. என் கூட யாரும் வரல." அந்தம்மா, "அடப் பாவமே"னா. அந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதான் இத்தனை பொய்யும். சொல்லியாச்சு, நான் உசிரோடதான் நிக்கேன்.

போன்ல யாரு பேரும் தெரியாது எனக்கு இப்ப, எல்லாம் பொகைதான். ஆனா அது பட்டன் போன். பச்சப் பட்டன ரெண்டு தடவ அமுக்கினா கடைசியாப் பேசின ஆளுக்குப் போகும். கடைசியா யாருகிட்டப் பேசினேன்னு எனக்குத் தெரியும், உக்காந்திருந்த நேரமெல்லாம் கைப்பைக்குள்ள கட்டைவிரல் அந்தப் பட்டன் மேலதான் கெடந்துச்சு. என்னனு சொல்ல? ஒன் பிள்ளைய ஏசினேனே, அது ஒன் பிள்ள குடுத்ததில்ல, என் கண்ணுலயே கெடந்ததுனா? அமுக்கிட்டேன். ஒரு மணி முழுசா அடிக்கதுக்குள்ள எடுத்துட்டா. "அக்கா! எங்க இருக்கிய? அல்லாவே, எங்க்கா போனிய?" அழுதுக்கிட்டே கத்துதா. "காலைல ரேடியோ சத்தம் கேக்கல. கதவத் தட்டித் தட்டிக் கை வீங்கிப்போச்சு. பெறவுதான் பாத்தேன், பூட்டு தொங்குது. தெரு முழுக்கத் தேடிட்டேன்." நான், "நீ எதுக்குட்டி மாடிக்கு வந்தே?"னு கேக்கேன், அந்த நேரத்துலயும் வாய்க்கொழுப்பு. "தெனமும்தான் வாரேன். சுமையாவுக்குச் சரியாயி எனக்கு வந்துட்டுல்லா, ரெண்டு கண்ணும். நீங்க ஆபரேஷன் கண்ணு, ஏற்கனவே சிவந்திருக்கு, நானும் கிட்ட வந்தா இன்னும் மோசமாயிரும். அதான் பாதிப் படியோட நிப்பேன். ரேடியோ பேசும், நீங்க அதத் திட்டுவிய. ஆளு இருக்காவனு எறங்கிப் போவேன்." நான் சொவத்தப் பிடிச்சுக்கிட்டேன். செருப்புச் சத்தம், பாதி வரைக்கும், நிக்கும், எறங்கும். இருட்டுல கெடந்து அதுக்கு ரோசம்னு பேரு வச்சிருக்கேன். "மைமூன், எனக்கு மெட்ராஸ் ஐ இல்லட்டி. ஒன் பிள்ள ஒண்ணும் தரல. நான் சொன்னது தப்பு"னேன். "அதெல்லாம் கெடக்கட்டும், எந்த ஆஸ்பத்திரி? இந்தா வாரேன்"னா. பெறவு அவளே நிப்பாட்டி, மெல்ல, "என் கண்ணோட உள்ள விட மாட்டாவளேக்கா"னா.

மெட்ராஸ் ஐ வந்த ஆளு கையெழுத்துப் போடலாமானு நர்ஸ் பிள்ளை பெரிய டாக்டர்கிட்டக் கேட்டா. உள்ள வரவே கூடாது, ஆனா கையெழுத்தை வெளிய போய் வாங்கிக்கலாம்னுட்டாரு. ராத்திரி பக்கத்துல இருக்கதுக்கு யாருனு அடுத்த கேள்வி. அந்தப் பெரியவர் பொஞ்சாதி அங்கிருந்தே, "நாங்க இங்கதான் தங்குதோம், ஒரு கண்ணுக்கு மூணு பேரு எதுக்கு, நான் பாத்துக்கிடுதேன்"னு சத்தம் போட்டுச் சொல்லிட்டா. புளிச்சோறும் இருக்காம். இப்ப எனக்குப் பச்ச உடுப்பு மாட்டி, தலையில குல்லாவும் போட்டு, தியேட்டர் வாசல்ல இன்னொரு பெஞ்சுல உக்கார வச்சிருக்காவ. மறுபடி கண்ணு மூடிதான். பயம் போகல. துண்டு வெளிய வந்தாலும் பார்வை எம்புட்டுத் திரும்பும்னு அவருக்கே தெரியாது, எதுத்த மாடித் துணியில பூ தெரியுமோ தெரியாதோ. தனியாத்தான் உள்ள போகணும், கத்தி பிடிக்கிற எடத்துக்கு யாரும் கூட வர முடியாது. நர்ஸ் பிள்ளை வேகமா நடந்து வாரா, அவ செருப்பு வேற சத்தம். "அம்மா, கையெழுத்து வாங்கிட்டேன். கேட்டுக்கு வெளிய கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு நிக்காங்க. வீட்டுக்குப் போங்கன்னா போக மாட்டேங்கிறாங்க. ஆபரேஷன் முடிஞ்சதும் வந்து சொல்லணுமாம், அதுவரைக்கும் அங்கயே நிப்பாங்களாம்." எனக்கு மூடின கண்ணுக்குள்ள முட்டிக்கிட்டு வந்துச்சு, அழக் கூடாதம்மா, கண்ணுக்கு ஆகாதுனு இவ ஏசுவா, அடக்கிக்கிட்டேன். "அங்க நெழல் இருக்கா?"னு கேட்டேன். "இல்லம்மா, நல்ல வெயில்." "அப்ப திரும்பப் போய்ச் சொல்லு. வெயில்ல நிக்கக் கூடாதாம், சிவந்த கண்ணுக்கு ஆகாதாம், எதுத்தாப்புல கடை இருந்தா உள்ள போய் உக்காரச் சொல்லு. வார்டன் சொன்னாவனு சொல்லு."